மஞ்சள் துணிக்குள் ஒரு தராசுக் காசு

போடியில் ஜாக்கெட் தைக்கிறவள் எதற்குக் காசு சேர்க்கிறாள் என்று கேட்காத ஆள் இல்லை. காசு சேர்க்கத்தானே எல்லாரும் கடை போடுகிறார்கள் என்று நானும் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் சேர்ப்பது செல்லாத காசு என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். அதற்குப் பிறகு தையல் கூலியில் பேரம் பேசமாட்டார்கள். அந்த வகையில் எனக்கு இந்தப் பைத்தியத்தால் லாபம்தான்.

இதை ஆரம்பித்து வைத்தது ஒரு ஜன்னல் திரை. மலைக்கு மேலே ஒரு எஸ்டேட் பங்களாவிலிருந்து பழைய திரைகளைச் சின்னதாக்கித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தூக்கினால் கையை இழுத்தது. கீழ் மடிப்பைப் பிரித்தேன். உள்ளேயிருந்து பழைய காலணாக்கள் பொலபொலவென்று கொட்டின. மலைக்காற்றுக்குத் திரை பறக்காமல் இருக்க, என்னைப் போல ஒரு தையல்காரர் எந்தக் காலத்திலோ மடிப்புக்குள் காசை வைத்துத் தைத்திருக்கிறார். பங்களாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். செல்லாத காசுதானே, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அவற்றில் இரண்டு காசுகள் வித்தியாசமாக இருந்தன. ராணியின் தலைக்குப் பக்கத்திலேயே யாரோ அச்சு வைத்து ஓங்கி அடித்த மாதிரி ஒரு குட்டித் தராசு பதிந்திருந்தது. தராசுக்குக் கீழே ஒன்றில் ௧ என்றும் இன்னொன்றில் ௨ என்றும் தமிழ் எண், அதாவது ஒன்றும் இரண்டும். கடை நடுவில் துணியெல்லாம் கிடக்க, ஊசி குத்திய விரலைச் சூப்பிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் காலத்தில் வியாபாரிகளும் பாத்திரக்கடைக்காரர்களும் ஆசாரிகளும் ஓடுகிற காசின் மேலேயே தங்கள் முத்திரையை அடித்துவிடுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சிலர் விளம்பரத்துக்கு அடித்தார்களாம். சிலர், இதைக் கொண்டுவந்தால் எங்கள் கடையில் இன்னது தருவோம் என்று அடையாளத்துக்கு அடித்தார்களாம். கல்யாணத்துக்குக் கொடுக்கிற எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டாமல் நமக்குத் தூக்கம் வருகிறதா? அதே ஆசைதான். என் தராசுக்காரர் மலைத் தோட்டங்களுக்கு அரிசி பருப்பு ஏற்றி அனுப்பியவராக இருக்கவேண்டும் என்பது என் ஊகம். எண் எதற்கு என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

அப்படிப் பேசுகிறவர் ஒருவர் எங்கள் தெருமுனையிலேயே மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவரும் காசு சேர்க்கிறவர். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், சண்டை போடும்போதும். பழைய பாத்திரம் எடைக்கு வாங்குகிற இடத்தில் கிளறி, தராசு போட்டு ௪, அதாவது நான்கு, என்று அடித்த காசு ஒன்றை நான் கண்டுபிடித்தபோது முதலில் அவரிடம்தான் ஓடினேன். இனி மூன்று மட்டும் கிடைத்தால் போதும் என்றேன். அவர் ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடியே சிரித்தார்.

"மூணுங்கறதே கெடையாதும்மா. எந்த வியாபாரி மூணுன்னு அடிப்பான்? எலையில மூணு இட்லி வச்சா நீயே இன்னொண்ணு வையின்னு சொல்லுவேல்ல. ரெண்டுலருந்து நேரா நாலுக்குப் போயிருப்பான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் என் கோபத்துக்குக் காரணம். மூணு பேராய் ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் பையில் ஒரு கல்லையாவது எடுத்துப் போட்டுக்கொள்கிற ஊர் இது. ஆனாலும் அந்த மூன்றைக் கண்டுபிடித்து அவர் மூக்குக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டாமல் விடுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு ஊரில் ஒரு பரணை விடவில்லை, ஒரு உடைந்த பெட்டியை விடவில்லை. தராசு மட்டும் வரவேயில்லை.

வந்தது, அதுவாகவே, என் கடைக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து ஒரு அக்கா வந்தார். ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. வாரச் சாமான் வாங்க இறங்கும்போதெல்லாம் என்னிடம்தான் ஜாக்கெட்டுக்குக் கொடுப்பார். அன்றைக்குத் தைக்கக் கொடுக்க ஒன்றுமில்லை. மஞ்சள் துணி ஒரு துண்டு வேண்டும் என்றார். எங்கள் பக்கம் சாமிக்கு வேண்டிக்கொண்டால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்கள். வேண்டுதல் பலித்த பிறகு அந்தக் காசு கோயில் உண்டியலுக்குப் போய்விடும். பலிக்கிறவரை வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. லைனிங் வெட்டியதில் மிஞ்சுகிற மஞ்சள் துணிக்காக என்னிடம் ஆள் வருவது வழக்கம்தான். பாலிஸ்டர் ஆகாது, பருத்திதான் வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார்.

பழைய முடிச்சு மலை ஈரத்தில் மக்கிப் பூச்சி அரித்திருந்தது. புதுத் துணிக்கு மாற்ற வேண்டும். அவர் என் வெட்டுமேசை ஓரமாகக் கிழக்கே பார்த்து நின்று, ஏதோ முணுமுணுத்து, பழைய துணியைப் பிரித்தார். கறுத்துப் போன ஒரு காலணா. அதில் தராசு. தராசுக்குக் கீழே ௩, நான் தேடிய மூன்று.

யாருடைய ஜாக்கெட்டுக்கோ வெட்டிக்கொண்டிருந்த கை கோணலாகப் போனது. ஒரு நிமிடம் பார்க்கட்டுமா அக்கா என்று கையை நீட்டினேன். அவர் காசைச் சட்டென்று மூடிக்கொண்டார். முடிந்த காசில் வேறு கை படக்கூடாதாம். இதற்குப் பதிலாக வேறு எந்தக் காசு வேண்டுமானாலும் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பெற்ற பிள்ளையைக் கேட்டது போல என்னைப் பார்த்தார். நான் துணியை எடுத்துக் கொடுத்தேன்.

என்ன வேண்டுதல் என்று மட்டும் கேட்டேன். தம்பிக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்றார். போடிக்கும் பூப்பாறைக்கும் ஜீப்பு ஓட்டுகிற தம்பி. நாற்பதை நெருங்கிவிட்டார்.

அவர் படியிறங்கியதும் என் கடையில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். கொக்கி, காஜா, ஹெம்மிங் மூன்றும் அவள் பொறுப்பு. அவள் வைத்த கொக்கி ஜாக்கெட் கிழிந்தாலும் பிடுங்காது. கல்யாண வயது தாண்டிவிட்டது என்று ஊர் சொல்லும். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என்னைவிட வீட்டைத்தான் நன்றாகப் பார்த்தார்கள், அதனால் வேண்டாம் என்றுவிட்டேன் என்று அவள் சொல்வாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது: "அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆகுறவரைக்கும் ஒங்களுக்குச் சோறு எறங்காதுன்னு நெனைக்கிறேங்க்கா."

உண்மைதான். கல்யாணம் நடந்தால் காசு உண்டியலுக்கு வரும். உண்டியலுக்கு வந்தால் பூசாரி கைக்கு வரும். அவர்கள் குலதெய்வம் தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்தது. அங்கே போனில் விசாரித்தேன். பூசாரி தென்னந்தோப்பு வைத்திருக்கிற மனிதர். உண்டியலில் விழுகிற செல்லாக் காசை பேங்கில் வாங்கமாட்டார்கள், ஒரு பித்தளைப் பானையில் போட்டு வைத்திருக்கிறோம், அந்தக் காசு வந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பதிலுக்குச் சாமி சந்நிதிக்கு ஒரு நல்ல திரை தைத்துத் தரவேண்டும், ஆடிக்காற்றில் பறந்து விளக்கில் விழாத திரை. அப்படிப்பட்ட திரை எப்படித் தைப்பது என்று எனக்குத் தெரியாதா என்ன! ஒப்புக்கொண்டேன். முதலில் கல்யாணத்தை முடியுங்கள் என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

அன்றிலிருந்து முன்பின் தெரியாத ஒரு ஜீப்புக்காரரின் கல்யாணத்தில் எனக்கு வந்த அக்கறை அவரைப் பெற்றவர்களுக்குக்கூட இருந்திருக்காது. தையல்காரிக்கு ஊரில் எந்த வீட்டில் பெண் இருக்கிறது என்று தெரியும். எந்தப் பெண்ணுக்கு எப்போது ஜாக்கெட் தளர்கிறது, எப்போது இறுகுகிறது என்பதுகூடத் தெரியும். நான் வரிசையாகச் சொன்னேன். மலைக்கார அக்கா சாமி கும்பிடாத குறையாக எனக்கு நன்றி சொன்னார். எதற்காக அலைகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

ஆனால் ஜீப்புக்காரர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். நகை வேண்டாம், படிப்பு வேண்டாம், நிறம் வேண்டாம். போடிமெட்டு மலைரோட்டில் ஏறும்போது பெண் வாந்தி எடுக்கக்கூடாது.

கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிலமலையில் நான் பார்த்துச் சொன்ன பெண் டீச்சர் வேலையில் இருந்தவள். தங்கமான பெண். வீடு பார்க்க மேலே கூட்டிப்போனார்கள். வளைவுகள் தொடங்கியதுமே தொடங்கிவிட்டாள். திரும்பி வந்து, மாப்பிள்ளை நல்லவர்தான், அந்த ரோட்டை மாற்றச் சொல்லுங்கள் என்றாளாம். அடுத்துப் போனவள் வாந்தி எடுக்கவில்லை. ஆனால் மெட்டு போய்ச் சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. இன்னொருத்தி அடிவாரத்து முந்தல் தாண்டுவதற்குள் இறங்கிக்கொண்டாள். இப்படியே போனால் அந்தக் காசு முடிச்சுக்குள்ளேயே மண்ணாகிவிடும் என்று எனக்குப் பயம் பிடித்தது.

ஒருநாள் ஜீப்புக்காரர் லோடு இறக்கிவிட்டு அக்காவின் ஜாக்கெட்டை வாங்க வந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன். ஊரில் உலகத்தில் இல்லாத நிபந்தனை எதற்கு என்று. அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெனமும் ஏறி எறங்குற பொழப்புக்கா நம்மளது. வர்றவ மேல வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்கணுமா? எங்கூட முன் சீட்டுல உக்காந்து வரணும். அம்புட்டுத்தான்."

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. உள்ளே கொக்கி தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து அந்த ஜாக்கெட்டைத் தானே மடித்து அவரிடம் நீட்டினாள்.

அந்த வருடம் மேலே ஒரு கல்யாணத்துக்குத் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை எடுத்து, ஜாக்கெட் முழுக்க என்னிடம் கொடுத்திருந்தார்கள். நாள் நெருங்கியும் பாதி ஜாக்கெட்டில் கொக்கி ஏறவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். எனக்கோ அந்த ரோட்டைப் படத்தில் பார்த்தாலே வயிறு புரட்டும். அவர் நிபந்தனையைக் கேட்டு எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் கொக்கி தைக்கிறவளை அனுப்பினேன். ஜீப்புக்காரர் வந்து நின்றார். மூட்டையை ஏற்றிவிட்டு, மிச்சக் கொக்கியைப் போகிற வழியிலேயே தைத்துவிடு என்று விளையாட்டாகச் சொன்னேன்.

அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை நாங்கள் கடை திறந்து உட்காரும்போதே ஜீப்பு வாசலில் வந்து நின்றது. லோடு இல்லை, ஆள் இல்லை. அவர் மட்டும் படிக்குக் கீழே நின்று, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னார்: "வளைவுல வண்டி திரும்பையில அந்தப் புள்ள ஊசியில நூல் கோத்துச்சுக்கா. ஒருதரம் இல்ல, மெட்டு வார வரைக்கும். கண்ணாடியில பாத்துக்கிட்டே வந்தேன்."

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "ரோட்டைப் பாத்து ஓட்டச் சொல்லுங்கக்கா."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். தீபாவளி வருகிறது, அலமாரி நிறையத் துணி கிடக்கிறது, ஒரு கையால் சாமி எனக்குக் காசைக் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் என் கொக்கிக்காரியைக் கொண்டுபோகிறதே என்று இருந்தது. அன்று முழுதும் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மிஷினை மிதித்த மிதியில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் கடை சாத்தும்போதுதான் அவளிடம் கேட்டேன், உனக்குச் சம்மதமா என்று. எனக்காகவோ அந்தக் காசுக்காகவோ தலையாட்டிவிடாதே என்றும் சொன்னேன்.

அவள் மிச்சக் கொக்கிகளை டப்பாவில் போட்டு மூடினாள். "முன் சீட்டு ஒனக்குத்தான்னு சொன்னாருக்கா. இது ஒனக்குன்னு இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட எதையும் சொன்னதில்ல."

நான் மிஷினுக்கு உறை போடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

கல்யாண ஜாக்கெட்டை நான்தான் தைத்தேன். கொக்கியை மட்டும் அவளே வைத்துக்கொண்டாள். என் கொக்கியை அவள் நம்பவில்லை. தாலி கட்டிய கையோடு எல்லாரும் குலதெய்வத்துக்குப் போனோம். மலைக்கார அக்கா கண்ணெல்லாம் நீராக, மஞ்சள் முடிச்சை உண்டியலில் போட்டார். காசு விழுகிற சத்தத்தைக் கேட்கலாம் என்று நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். துணிக்குள் இருந்ததால் சத்தமே வரவில்லை.

மாசித் திருவிழா முடிந்துதான் உண்டியல் திறப்பார்கள். அதுவரை பொறுத்தேன். திறக்க வேண்டிய நாளில் பூசாரியின் தோப்புக்குள் யானை வந்துவிட்டது, தென்னம்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று தள்ளிப் போட்டார். யானைக்கும் எனக்கும் அப்படி என்ன பகை என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் திறந்தார்கள். நான் திரையோடு போனேன். பித்தளைப் பானையிலிருந்த மற்றச் செல்லாக் காசுகளையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, முத்திரை எதிலும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, திரையின் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைத்தேன். இப்போது எந்தக் காற்றுக்கும் அது அசைவதில்லை. பூசாரி மஞ்சள் முடிச்சைப் பிரித்து என் உள்ளங்கையில் காசை வைத்தார்.

மருந்துக்கடை அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார், லென்சை வைத்துப் பார்த்தார், வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, இந்தக் காலத்தில் நல்ல போலியெல்லாம் பண்ணுகிறார்கள் என்றார். எனக்கு அதுவே போதும். அவர் தோற்றால் அப்படித்தான் பேசுவார்.

பச்சைத் துணி ஒட்டிய ஒரு தட்டில் நான்கையும் வரிசையாக வைத்து, மிஷினுக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். ஒரு ஜாக்கெட் முடிந்தால் ஒரு தரம் பார்ப்பேன். அளவு கொடுக்க வருகிறவர்களுக்கும் காட்டுவேன், அவர்கள் கேட்காவிட்டாலும். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கொக்கிக்குப் புதிதாக வந்த பெண் வைத்ததெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

அதற்கப்புறம் அடுத்த வருடம் பாதிக்கு மேல் போயிருக்கும். வாசலில் ஜீப்பு நின்றது. முன் சீட்டிலிருந்து அவள் இறங்கினாள். மலைக்காற்றில் முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. "சுகம்தன்னேக்கா?" என்று மலையாளம் பேசி என்னைச் சிரிக்க வைத்தாள். உட்கார்ந்த கையோடு, யாரும் சொல்லாமலேயே, புதுப்பெண் தைத்த கொக்கிகளைப் பிரித்துத் திரும்பத் தைக்க ஆரம்பித்தாள். அந்தக் கை வேகத்தைப் பார்த்ததும் எனக்கு அவள் இல்லாத மாதங்களெல்லாம் ஒரேயடியாக நெஞ்சில் வந்து உட்கார்ந்தன. கிளம்பும்போதுதான் கேட்டாள், மஞ்சள் துணி ஒரு துண்டு வேண்டும் என்று.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவள் பார்வை தரைக்குப் போயிருந்தது. டாக்டரிடம் காட்டியாயிற்றாம், ஒரு குறையும் இல்லையாம், நேரம் வரவேண்டும் என்கிறார்களாம். நான் இருப்பதிலேயே நல்ல பருத்தியாக எடுத்து வெட்டினேன். மேசை டிராயரிலிருந்து பளபளவென்று ஒரு ரூபாய்க் காசும் எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், சுவரில் இருந்த தட்டைப் பார்த்தாள்.

"அதக் குடுங்கக்கா. அது பலிச்ச காசு. சாமி உண்டியல்ல கெடந்துட்டு வந்தது."

அது வெறும் செம்பு என்றேன். பழசு என்றேன். கடைசியில் கொஞ்சமும் வெட்கமில்லாமல் மருந்துக்கடை அண்ணனின் வாதத்தையே எடுத்தேன்: அதில் அடித்திருப்பது மூன்று, நல்ல காரியத்துக்கு மூன்று ஆகாது, நம் ஊரில் யாராவது மூன்றை வைத்து எதையாவது தொடங்குவார்களா?

அவள் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முன் சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நாங்க ரெண்டு பேருக்கா. மூணாகணும்னுதான கேக்குறோம்."

நான் ஸ்டூல் போட்டு ஏறித் தட்டை இறக்கினேன். காசை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் கிழக்கே பார்த்து நின்று முடிந்தாள். அந்த முடிச்சு எளிதில் அவிழாது, அவள் போட்டது. அதன் பிறகு நான் அதைத் தொடக் கேட்கவில்லை.

தட்டு மறுபடியும் சுவரில்தான் இருக்கிறது. ஒன்று, இரண்டு, நான்கு. இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் பச்சைத் துணி கொஞ்சம் அமுங்கி, வட்டமாக. போலியைத் தூக்கிப் போட்டுவிட்டாயா என்று மருந்துக்கடை அண்ணன் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளை பிறக்கவேண்டும் என்று பெற்றவர்களைவிட நீதான் அதிகமாக வேண்டிக்கொள்வாய், உண்டியல் திறக்கவேண்டுமே என்று சிரித்தார். வேண்டிக்கொள்வது நிஜம்தான். காசுக்காக மட்டும்தான் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

பிறக்கும் முன்னால் குழந்தைக்குத் தைக்கக்கூடாது என்பார்கள். நான் தைக்கவில்லை. கழுவக் கழுவ மெத்தென்று ஆகிற வெள்ளை மல் துணி ஒன்றை மட்டும் எடுத்து, அலசிக் காயவைத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அதற்குக் கொக்கி வைக்கமாட்டேன். பிஞ்சு உடம்பில் குத்தும். நாடாதான்.